பேத்தி எழுதிய பிற்சேர்க்கை: மீனா அலெக்சாண்டரின் தன்வரலாற்றை முன்வைத்து

மீனா அலெக்சாண்டரின் தன்வரலாறான 'ஃபால்ட் லைன்ஸ்' இரண்டு முறை வெளிவந்தது. முதல் பதிப்பு 1993-இல். பத்து ஆண்டுகள் கழித்து, 2003-இல், கூகி வா தியாங்கோவின் முன்னுரையோடும் புதிதாக எழுதிச் சேர்த்த பின்பகுதியோடும் இரண்டாம் பதிப்பு. இரண்டையும் வெளியிட்டது நியூயார்க்கின் ஃபெமினிஸ்ட் பிரஸ். சூசி தாருவும் கே. லலிதாவும் தொகுத்த 'விமன் ரைட்டிங் இன் இந்தியா' தொகுதிகளைக் கொண்டுவந்த அதே பதிப்பகம்.

நல்ல வரவேற்புப் பெற்ற ஒரு தன்வரலாற்றுக்கு அதை எழுதியவரே பத்தாண்டு கழித்து ஏன் பிற்சேர்க்கை எழுத வேண்டும்? பல நாடுகளில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு 'வீடு' என்ற சொல் என்னவாகிறது என்ற கேள்விக்கு நான் படித்தவற்றில் மிக நேர்மையான பதில் இந்த இரண்டு பதிப்புகளுக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

மீனா 1951-இல் அலகாபாத்தில் பிறந்தார். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். அம்மாவின் வீடு திருவல்லாவில், அப்பாவின் பூர்வீகம் கோழஞ்சேரியில். அப்பா வானிலை ஆய்வாளர். 1956 ஜனவரியில் சூடான் விடுதலை பெற்றது. புதிய நாட்டுக்கு அதிகாரிகள் தேவைப்பட்டார்கள். இந்திய அரசுப் பணியிலிருந்த அப்பா அங்கே அனுப்பப்பட்டார். அம்மாவும் மகளும் பம்பாயில் கப்பலேறினார்கள். மீனாவுக்கு ஐந்து வயது நிறைந்தது நடுக்கடலில். அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் கார்ட்டூமுக்கும் கேரளத்துக்கும் இடையே போக்குவரத்து. பதின்மூன்று வயதில் கார்ட்டூம் பல்கலைக்கழகம், பதினெட்டில் பட்டம், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஆய்வு, இருபத்திரண்டில் முனைவர். திரும்பிவந்து தில்லியிலும் ஐதராபாத்திலும் ஆசிரியப் பணி. 1979-இல் திருமணம், நியூயார்க். 2018-இல் அங்கேயே இறந்தார்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது பலருக்கும் பொறாமைதான் வரும். எத்தனை ஊர், எத்தனை மொழி! கணியன் பூங்குன்றனாரை மேற்கோள் காட்டிப் பெருமைப்படுவதும் எளிது. ஆனால் எல்லா ஊரையும் தன் ஊராகக் கருதும் அந்தப் பரந்த மனத்தைப் பாடலாக்க, ஊர்விட்டு ஊர் போகும் உரிமை முதலில் வேண்டும். நம் இலக்கணம் அதைப் பெண்ணுக்குத் தரவில்லை. பெண்ணை உடன்கொண்டு கடல்வழிச் செல்வது வழக்கமில்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் வெளிப்படையாகவே சொல்கிறது. அகப்பாடல்களில் பெண் நெடுவழி நடப்பது பெரும்பாலும் உடன்போக்கில்தான். அப்போதும் கவிதை அவளோடு முழுவதும் நடப்பதில்லை. நற்றாயும் செவிலியும் வீட்டில் அழுவதைத்தான் நிறையக் கேட்கிறோம்.

நடைமுறை இலக்கணத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. 1860-இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போன 'ட்ரூரோ' கப்பலிலேயே பெண்கள் இருந்தார்கள். பெண்கள் கடல் கடந்தார்கள். கடப்பது என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் வேறு யாரோ. ஐந்து வயது மீனாவுக்கும் அதுதான் நிலைமை. அப்பாவின் பணியாணை, அம்மாவின் கைப்பிடி. இந்த நூல் அந்த முடிவெடுக்காத பயணியின் பார்வையிலிருந்து தொடங்குகிறது. கப்பலையும் துறைமுகத்தையும் சாகசமாக்காமல், தரை நழுவுவதாக எழுதுகிறது. தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது: நிலநடுக்கம் எழும் பிளவுக்கோடுகள்.

பெயரிலும் பிளவு உண்டு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் மேரி எலிசபெத். வீட்டில் கூப்பிட்டது மீனா. பதினைந்து வயதில் மீனா என்பதையே தன் பெயராக அவர் ஆக்கிக்கொண்டார். அந்தப் பெயருக்குச் சமஸ்கிருதத்தில் மீன், உருதுவில் நகைகளுக்கு இடும் வண்ணப்பூச்சு வேலை, அரபியில் துறைமுகம் என்று மூன்று பொருள் இருப்பதை அவரே விளக்கியிருக்கிறார். ஊர்களை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, பெயரைத் தேர்ந்தெடுத்தார். நூலில் அவர் தன் விருப்பத்தால் எடுக்கும் முதல் பெரிய முடிவு இதுதான்.

மொழிக்கு வருவோம். மீனாவின் தாய்மொழி மலையாளம். சரளமாகப் பேசுவார், ஆனால் எழுதப் படிக்கக் கற்கவில்லை. இந்தி, அரபி, பிரெஞ்சு, ஆங்கிலம் என்று வளர்ந்தார். எழுதியது ஆங்கிலத்தில். அவருடைய கவிதைகள் முதலில் அச்சானதோ கார்ட்டூம் செய்தித்தாளில், அரபி மொழிபெயர்ப்பில். தன் முதல் அச்சுக் கவிதைகளைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாத ஒரு கவிஞர்!

2002-இல் வந்த தொகுப்புக்கு 'இல்லிட்டரேட் ஹார்ட்' என்று பெயர் வைத்தார். எழுத்தறியா இதயம். இதை வெறும் ஏக்கமாகப் படிக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். மலையாள எழுத்தை அறியாததில் ஒரு பாதுகாப்பும் இருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். எழுத்து என்பது பள்ளி, சமயம், குடும்பக் கௌரவம், பெரியவர்களின் புத்தக அலமாரி. அவற்றுக்கெல்லாம் வெளியே, காதாலும் நாவாலும் மட்டும் அறிந்த மொழி அவருக்கு மலையாளம். தமிழ் படித்தவர்களுக்கு இது புரியும். நம் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் எழுத்தின் காவலுக்கு வெளியே பெண்கள் வைத்திருந்த மொழிதான். ஏட்டில் ஏறாததால் அவற்றுக்கு மதிப்புக் கிடைக்கவில்லை. ஏட்டில் ஏறாததால்தான் சொல்லக்கூடாததை அவற்றில் சொல்ல முடிந்தது. மாமியாரை வைய முடிந்தது, அண்ணன் கைவிட்டதைச் சொல்லி அழ முடிந்தது. மீனா அந்த வாய்மொழித் தாளத்தை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோக முயன்றார். ஆங்கிலம் காலனிய வகுப்பறையின் மொழி என்பதை மறக்காமல்தான் முயன்றார்.

இனி வீடு. 1993 பதிப்பில் திருவல்லா வீடுதான் நூலின் நடுமையம். மரங்கள், முற்றம், கிணறு, உறவுக்கூட்டம். அந்த வீட்டின் நாயகன் தாய்வழித் தாத்தா. படித்தவர், இறையியல் அறிஞர், காந்தி வழியில் நின்றவர். பேத்திக்கு உலகத்தைக் காட்டியவர். கார்ட்டூமின் வெயிலிலும் நாட்டிங்ஹாமின் குளிரிலும் அவள் மனத்தால் திரும்பிப்போகும் இடம் அவருடைய தோட்டம். புலம்பெயர் எழுத்தில் இது நமக்குப் பழகிய அமைப்பு: தொலைவில் ஒரு வீடு, அதில் அன்பான ஒரு முதியவர், இழந்த சொர்க்கம்.

2003 பின்பகுதியில், அந்தத் தாத்தாவே சிறுமியாக இருந்த தன்னைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார் என்று மீனா எழுதுகிறார். அந்த நினைவு நெடுங்காலம் அவரிடமிருந்தே மறைந்திருந்தது.

வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: "அப்படியானால் முதல் பதிப்பு பொய்யா?" நியாயமான கேள்விதான். ஆனால் பழைய அத்தியாயங்களை மீனா என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். அவற்றை நீக்கவில்லை. தாத்தாவின் மேல் பேத்தி கொண்ட அன்பை, அன்பாகவே அச்சில் விட்டுவிட்டார். உண்மையை நூலின் முடிவில் சேர்த்தார். இதனால் வாசகர் முதலில் அந்த வீட்டுக்குள் விருந்தாளியாகப் போகிறார், தோட்டத்தில் உலவுகிறார், தாத்தாவை நேசிக்கிறார். பிறகுதான் தெரிகிறது. குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறையின் இயக்கமே இப்படித்தான். அன்பு செலுத்தியவரும் துன்புறுத்தியவரும் ஒரே ஆள் என்பதால்தான் குழந்தைக்குச் சொல் கிடைப்பதில்லை. மறதி அங்கே பொய்யாகச் செயல்படவில்லை. உயிர்பிழைக்கும் உபாயமாகச் செயல்பட்டது. முதல் பதிப்பை அழித்துத் திருத்தியிருந்தால் அந்த உபாயமும் அழிந்திருக்கும். நமக்குக் குற்றச்சாட்டு மட்டும் கிடைத்திருக்கும், அது எப்படி அத்தனை காலம் மறைந்திருந்தது என்பது கிடைத்திருக்காது.

இங்கேதான் 'வீட்டு ஏக்கம்' என்ற புலம்பெயர் இலக்கியத்தின் ஆதார உணர்வைப் பெண்ணியவாதிகள் மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏக்கத்துக்கு ஒரு விலை உண்டு. இழந்த வீடு அழகாக நிற்க வேண்டுமென்றால், அந்த வீட்டில் நடந்தவற்றில் சில பேசப்படாமல் இருக்க வேண்டும். பேசாமல் இருக்கும் வேலை வழக்கமாகப் பெண்களுடையது. நாட்டைவிட்டு வெளியே போகும்போது இந்த வேலை இரட்டிப்பாகிறது. அந்நிய ஊரில் நம் வீட்டைப் பற்றித் தவறாகப் பேசினால் குடும்பத்தை மட்டுமல்ல, இனத்தையே காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்ற பயம் சேர்கிறது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு நியூயார்க்கில் பழுப்புத் தோலோடு நடப்பதே ஆபத்தாக இருந்த காலம் அது. ஒரு கவிதை வாசிப்புக்குப் போகும்போது புடவையைப் பையில் எடுத்துப்போய், அங்கே போய் உடுத்திக்கொண்டதை மீனா எழுதியிருக்கிறார். வெளியே தன் உடையே தன்னைக் காட்டிக்கொடுக்கும் வேளையில், உள்ளே தன் குடும்பத்தின் இருட்டையும் ஒரு பெண் எழுதுகிறாள். இரண்டு பயங்களில் எதையும் மற்றதற்குச் சாக்காக அவள் வைக்கவில்லை. இந்த நூலில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

தன்வேதனையை விற்கும் அமெரிக்கத் தன்வரலாற்றுச் சந்தைக்கு இந்தப் பிற்சேர்க்கையும் ஒரு சரக்குதானே என்று கேட்பவர்கள் உண்டு. சந்தை இருப்பது உண்மை. ஆனால் மீனாவின் கவனம் சம்பவத்தைக் காட்டுவதைவிட, நினைவு எப்படி மறைந்தது, எப்படித் திரும்பியது என்பதில்தான் இருக்கிறது. விற்பதற்காக எழுதுபவர்கள் இந்த வரிசையில் எழுதமாட்டார்கள்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றை என் மாணவி எழுப்பினாள். கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து படிப்பவள். "மேடம், இவங்க எத்தனை ஊர்ல எத்தனை வீடுன்னு எழுதுறாங்க. எங்க பாட்டி சிலோன்ல லயத்துல ஒரே காம்பராவுல பொறந்து, இங்க வந்தும் லயத்துலதான் இருந்துச்சு. அதுக்கு எந்த வீட்ட நெனச்சு அழறதுன்னே தெரியாது" என்றாள்.

இந்தக் கேள்வியை வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1964 அக்டோபரில் கார்ட்டூம் பல்கலைக்கழக மாணவர்கள் ராணுவ ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள், ஆட்சி கவிழ்ந்தது. மீனா அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆண்டு அது. அதே அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. வந்தவர்களுக்கு இங்கே கிடைத்த அரசுப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. இலங்கையில் பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு பெண் எப்படித் 'திரும்ப' முடியும்? அவளுடைய தாயகம் எது என்பதைச் சான்றிதழ் அவளைக் கேட்காமலே எழுதிவிட்டது. ஊரார் வைத்த பெயரோ 'சிலோன்காரங்க'.

அந்தப் பாட்டியையும் மீனாவையும் பக்கத்தில் வைத்தால், 'பல நாடுகளில் வளர்தல்' என்ற ஒரே சொற்றொடருக்குள் எவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கிறதென்று தெரியும். மீனாவிடம் கடவுச்சீட்டு இருந்தது. அப்பாவின் அரசுப் பதவி இருந்தது. நிலமும் மேல்நிலைச் சாதி மதிப்பும் கொண்ட குடும்பம் இருந்தது. திரும்பிப்போக ஒரு வீடும், அதைப் பராமரிக்க வேலையாட்களும் இருந்தார்கள். நூலில் அந்த வேலையாட்கள் வருகிறார்கள். ஆனால் அவர்களுடைய வீடு எங்கே என்ற கேள்வி கதையின் மையத்துக்கு வருவதில்லை. இது இந்தத் தன்வரலாற்றின் எல்லை. மீனாவின் பிளவுக்கோடுகள் நாடு, மொழி, பாலினம், இனம் ஆகியவற்றின் வழியே தெளிவாக ஓடுகின்றன. சாதியின் வழியே ஓடும்போது மங்கிவிடுகின்றன.

இருந்தாலும் மாணவியின் கேள்வி மீனாவை நிராகரிக்கச் சொல்லவில்லை என்றே கருதுகிறேன். மேல்நிலைக் குடும்பத்து வீடு பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை உள்ளிருந்தே உடைத்தவர் மீனா. லயத்துக் காம்பராவில் அந்தரங்கம் இல்லை, அதனால் பெண்ணுக்குப் பாதுகாப்பில்லை என்கிறோம். பெரிய வீட்டில் அந்தரங்கம் நிறையவே இருந்தது. அந்த அந்தரங்கமே குற்றத்துக்கு மறைவானது. சுவர் இல்லாததாலும் பெண் துன்புறுகிறாள், சுவர் கனமாக இருப்பதாலும் துன்புறுகிறாள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் வீட்டைப் பற்றிய நம் பேச்சு முழுமையாகிறது.

மீனா வேறொரு வீட்டையும் எழுதியிருக்கிறார். அது 1991-இல் வந்த 'நாம்பள்ளி ரோடு' நாவலில் இருக்கிறது. இங்கிலாந்தில் படித்துவிட்டு ஐதராபாத்துக்கு வந்து கல்லூரியில் பாடம் நடத்தும் மீரா என்ற இளம்பெண்ணின் கதை. பின்னணியில் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 1978-இல் ஐதராபாத் நல்லகுண்டா காவல் நிலையத்தில் ரமீஜா பீ என்ற பெண்ணைக் காவலர்கள் கூட்டாக வன்புணர்ந்தார்கள். அவருடைய கணவர் அடித்துக் கொல்லப்பட்டார். நகரம் கொதித்தது. விசாரணை ஆணையம் அமைந்தது. ஆனாலும் 1981-இல் ராய்ச்சூர் நீதிமன்றத்தில் காவலர்கள் விடுதலையானார்கள். மதுரா வழக்கோடு சேர்ந்து, பாலியல் வன்முறைச் சட்டத்தை மாற்றக் கோரிய இயக்கத்துக்கு இந்த வழக்கும் உந்துதலாக இருந்தது. அந்த ஆண்டுகளில் மீனா ஐதராபாத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார்.

நாவலில் மீரா தங்கியிருப்பது துர்காபாய் என்ற மருத்துவரின் வீட்டில். பெற்ற வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை. வயதில் மூத்த, உழைக்கிற, அடிபட்டவர்களுக்கு மருந்து போடுகிற ஒரு பெண்ணின் வீடு. புத்தகமும் சொற்களும் சுமந்து இங்கிலாந்திலிருந்து வந்த மீராவுக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்பது ரமீஜாவுக்கு நேர்ந்ததைத் தெருவில் எதிர்கொள்ளும்போதுதான் தெரிகிறது. வம்சமும் பூர்வீகமும் தராத ஊர் உணர்வு, இன்னொரு பெண்ணுக்காக நிற்கும்போது வருகிறது. ஒரு ஊர் நம்முடையது ஆவது அங்கே பிறந்ததால் மட்டுமல்ல, அங்கே நடக்கும் அநியாயம் நம் அநியாயமாகப் படுவதாலும்தான்.

மீனாவின் ஆய்வுப் பாதையிலும் இந்த நகர்வு உண்டு. நாட்டிங்ஹாமில் அவர் ஆராய்ந்தது கற்பனாவாதக் கவிஞர்களின் 'தன்னிலை'. அந்த மரபின் பெருங்கவிஞனுக்கு மலையும் ஏரியும் சொந்த வீடு போல. அவன் உடல் எங்கும் தடுக்கப்படுவதில்லை. 1989-இல் வந்த அவருடைய 'விமன் இன் ரொமான்டிசிசம்' நூலோ மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், டாரதி வேர்ட்ஸ்வொர்த், மேரி ஷெல்லி என்ற மூன்று பெண்களைப் பற்றியது. உடலற்ற தன்னிலையிலிருந்து உடலுள்ள பெண்களிடம் அவர் வந்துசேர்ந்தார். அந்த வருகை இல்லாமல் 2003-இன் பிற்சேர்க்கை இல்லை.

வீடு கிடைத்ததா என்ற கேள்விக்கு மீனா 'ஆம்' என்று எங்கும் நிம்மதியாக முடிக்கவில்லை. அவர் கண்டது ஒரு முறை: திரும்பிப் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது, எழுதியது போதவில்லை என்றால் முன்னதை அழிக்காமல் தொடர்ந்து எழுதுவது. இந்த முறைக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. தாத்தாவின் தோட்டம் இல்லாதவர்களுக்கும் இது கைகூடும். கூடலூர்ப் பாட்டிக்கு வாய்த்த பெயர்கள் அரசும் ஊராரும் வைத்தவை. அவருடைய வீடுகளுக்கு அவர் வைத்த பெயர்களைக் கேட்டு எழுத இன்னும் நேரம் இருக்கிறது.

இந்த நூலைப் படிக்கப்போகும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். இரண்டாம் பதிப்பையே வாங்குங்கள். பின்பகுதியை முதலில் புரட்டாமல் வரிசையாகப் படியுங்கள். முடித்த பிறகு, ஊரையும் வீட்டையும் நினைத்து உருகும் எந்தப் புலம்பெயர் கதையைக் கையில் எடுத்தாலும் ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வீட்டில் எந்தப் பெண் பயமில்லாமல் தூங்கினாள்? பதில் கிடைக்காத இடத்தில் இன்னும் எழுதப்படாத ஒரு பிற்சேர்க்கை இருக்கிறது.